குடியரசுத் தலைவர்களின் மனைவியர்: கூற்றும் மௌனமும்

இந்தியக் குடியரசுத் தலைவர்களின் மனைவியரைப் பற்றித் தனி நூல்கள் மிகக் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் கணவரின் தன்வரலாற்றில் சில பக்கங்களாகவும், அரசு விருந்துப் படங்களில் ஓரமாக நிற்பவர்களாகவும் வரலாற்றில் எஞ்சியுள்ளனர். அவர்களின் இயல்பையும் பேச்சையும் இன்று எழுத முனைபவர் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு மீதியைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. அத்தகைய கற்பனைக்கு எது அடிப்படை, எது எல்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜானகி வெங்கட்ராமன் பட்டைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்வி இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள கணியூரும் அதைச் சூழ்ந்த உடுமலை வட்டாரமும் பட்டுப்புழு வளர்ப்புப் பகுதிகள். ஆகவே அந்தக் கேள்வி இவ்வூர்களின் வாழ்வையும் தொடுகிறது.

பதவி இல்லாத இடம்

இந்திய அரசியலமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் மனைவிக்கு எந்தப் பதவியையும் வழங்கவில்லை. 'நாட்டின் முதல் பெண்மணி' என்பது அமெரிக்க வழக்கிலிருந்து பத்திரிகைகள் வழியாக வந்த சொல். அந்த இடத்திற்குப் பதவியேற்பு கிடையாது, அதிகாரம் கிடையாது. வெளிநாட்டுத் தலைவர்கள் வரும்போது வரவேற்பது, கணவருடன் பயணம் செய்வது, மாளிகையின் வீட்டு நிர்வாகத்தைக் கவனிப்பது ஆகியவை வழக்கத்தால் அமைந்த பணிகள்.

அந்த இடம் சிலபோது வெறுமையாகவும் இருந்துள்ளது. குடியரசுக்கு முன் இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராக 1948 முதல் 1950 வரை இருந்தவர் ராஜாஜி. 1897-ல் அவர் மணந்த அலமேலு மங்கம்மாள் மிக இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். மாளிகையில் ராஜாஜியுடன் இருந்தவர் மகள் நாமகிரி. 1962-ல் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் மனைவி சிவகாமு 1956-லேயே மறைந்துவிட்டார். 2002-ல் பதவியேற்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் மணம் செய்துகொள்ளாதவர். 2007-ல் பிரதிபா பாட்டீல் பதவியேற்றபோது அந்த இடத்தில் கணவர் தேவிசிங் ஷெகாவத் இருந்தார். அவரை எப்படி அழைப்பது என்பதற்கு நிலைபெற்ற சொல்லே இருக்கவில்லை.

தமிழ் மரபில் அரசியின் குரல்

ஆட்சியாளரின் மனைவிக்குக் குரல் கொடுப்பது தமிழுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 246-ஆம் பாடல் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவன் இறந்தபின் தீப்பாய முனைந்த தன்னைத் தடுத்த சான்றோரை நோக்கி அவர் பேசுகிறார். கைம்மை நோன்பின் உணவையும் படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அப்படி வாழும் பெண் தான் அல்ல என்கிறார். அடுத்துள்ள 247-ஆம் பாடல் அதே நிகழ்வை மதுரைப் பேராலவாயார் என்ற புலவர் பாடியது. அதில் அரசி பேசுவதில்லை. நீர் வடியும் கூந்தலுடன் ஈமத்தை நோக்கிச் செல்லும் பெண்ணாக வெளியிலிருந்து பார்க்கப்படுகிறார். ஒரே பெண் முதல் பாடலில் பேசுபவர், இரண்டாவதில் பார்க்கப்படுபவர்.

சிலப்பதிகாரத்தின் கோப்பெருந்தேவி காப்பியப் புலவரால் படைக்கப்பட்ட அரசி. ஆடல் மகளிரிடம் மன்னன் மனம் செலுத்தியதாக ஊடிய அவள், தலைநோய் என்று காரணம் காட்டி அவையிலிருந்து விலகுகிறாள். அவளைத் தேடி மன்னன் செல்லும் வழியில்தான் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான், கோவலனின் உயிர் போகிறது. வழக்குரை காதையின் தொடக்கத்தில் தான் கண்ட தீக்கனவை அவள் மன்னனிடம் சொல்கிறாள். மன்னன் உயிர்விட்டதும் அவளும் உயிர்விடுகிறாள். காப்பியத்தில் அவளுக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவே. ஆனால் ஊடல், கனவு, மரணம் என்ற மூன்றைக் கொண்டு ஒரு முழு மனுஷி உருவாகிவிடுகிறாள்.

பெருங்கோப்பெண்டு, கோப்பெருந்தேவி இரண்டும் 'பேரரசி' என்று பொருள்படும் பட்டங்கள். இயற்பெயர்கள் அல்ல. பேசிய அரசியும் படைக்கப்பட்ட அரசியும் கணவரின் பதவியாலேயே குறிக்கப்படுகிறார்கள்.

அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனப் பிறர் குரலில் பேசுவது இலக்கணமாகவே வகுக்கப்பட்டுள்ளது. அந்த உரிமையோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. அன்பின் ஐந்திணையில் யாருடைய இயற்பெயரையும் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் புலவன் கற்பனை செய்யலாம், ஆனால் அதை இன்ன பெண்ணுடையது என்று ஊரறியச் சொல்லக் கூடாது. வரலாற்றுப் பெண்களை எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு இன்றும் பொருந்தும்.

கணவரும் மகனும் எழுதிய பக்கங்கள்

முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாதின் மனைவி ராஜவம்சி தேவி. 1896-ல் திருமணம் நடந்தபோது பிரசாதுக்கு 12 வயது நிறையவில்லை. 1946-ல் வெளிவந்த தன்வரலாற்றில் பிரசாத் இந்தத் திருமணத்தை வேடிக்கையும் வருத்தமும் கலந்து விவரிக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டை அடைந்தபோது அவர் பல்லக்கில் தூங்கிவிட்டிருந்தார். பீகார் குடும்பங்களில் அன்றிருந்த திரைமுறை காரணமாகக் கணவன் மனைவி பகலில் சந்திக்க முடியாது. இரவில் வீடு உறங்கிய பிறகு பணிப்பெண் வந்து எழுப்ப வேண்டும். படிப்பு, வழக்கறிஞர் தொழில், சிறை, காங்கிரஸ் பணி என்று அவர் வெளியூர்களிலேயே இருந்தார். மணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சேர்ந்து வாழ்ந்த காலத்தை மாதங்களாகவே எண்ண வேண்டியிருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியுள்ளார்.

இந்தப் பக்கங்களில் ராஜவம்சி தேவி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையின் வடிவம் தெரிகிறது. காத்திருந்த இரவுகளைக் கணவர் தூக்கத்தின் பக்கமிருந்து எழுதியிருக்கிறார். விழித்திருந்தவரின் பக்கமிருந்து எழுதினால் அதே நிகழ்வு வேறு கதை. 1950-ல் அவர் 340 அறைகள் கொண்ட மாளிகைக்குக் குடிவந்தார். கணவர் ஓய்வுபெற்ற சில மாதங்களில், 1962 செப்டம்பரில் காலமானார்.

சிவகாமுவின் வாழ்க்கை மகன் வழியாகத் தெரியவருகிறது. 1903-ல் ராதாகிருஷ்ணனுக்கும் தூரத்து உறவினரான சிவகாமுவுக்கும் மணம் நடந்தபோது இருவரும் சிறுவயதினர். ஐந்து மகள்களுக்குப் பின் பிறந்த ஒரே மகன் சர்வபள்ளி கோபால், ஜவஹர்லால் நேருவின் வரலாற்றை எழுதிய வரலாற்றாசிரியர். 1989-ல் வெளிவந்த தந்தையின் வாழ்க்கை வரலாற்றில், தந்தைக்குப் பிற பெண்களுடன் இருந்த உறவுகளையும் அதனால் தாய் அடைந்த துயரத்தையும் கோபால் மறைக்கவில்லை. தத்துவஞானி என்று நாடு போற்றிய ஒருவரின் வீட்டில் பேசாமல் இருந்தவர் சார்பில் மகன் சாட்சியம் சொன்ன நூல் அது. இந்தியாவின் தலைவர்களைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளில் இத்தகைய நேர்மை அரிது.

தாங்களே பேசியவர்கள்

எல்லோரும் மௌனமாக இருக்கவில்லை. ஃபக்ருதீன் அலி அகமதின் மனைவி பேகம் ஆபிதா அகமது உருது நாடகத்துறையில் ஈடுபாடு கொண்டவர், தில்லியின் காலிப் நிறுவனத்தோடு தொடர்புடையவர். கணவர் 1977-ல் பதவியிலிருக்கும்போதே இறந்தபின் ஆபிதா அரசியலுக்கு வந்தார். 1980-களில் பரேலி தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்தானபோது அந்த மாளிகையில் வாழ்ந்தவர் அவர். ஒரு நாவலாசிரியர் அவர் குரலில் எழுத நினைத்தால் அந்த இரவில்தான் தொடங்குவார்.

கே.ஆர். நாராயணனின் மனைவி உஷா பர்மாவில் பிறந்தவர், இயற்பெயர் மா டின்ட் டின்ட். ரங்கூனில் பணியாற்றிய நாராயணனைச் சந்தித்து 1951-ல் மணந்தார். வெளியுறவுப் பணியில் இருப்பவர் அயல்நாட்டவரை மணக்க விதி தடையாக இருந்ததால் நேருவின் தனி அனுமதி தேவைப்பட்டது. பர்மிய எழுத்தாளர் தெய்ன் பே மியின்ட்டின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நூலாக்கினார். பெயரையும் நாட்டையும் மாற்றிக்கொண்டவர் தாய்மொழியை மொழிபெயர்ப்பு வழியாகத் தன்னிடம் வைத்துக்கொண்டார். பிரணாப் முகர்ஜியின் மனைவி சுவ்ரா ரவீந்திர சங்கீதப் பாடகி. கீதாஞ்சலி என்ற கலைக்குழுவை நிறுவினார், இந்திரா காந்தியைப் பற்றி நூல் எழுதினார். 2015-ல் கணவர் பதவியில் இருக்கும்போதே மறைந்தார்.

ஜானகி வெங்கட்ராமனின் கேள்வி

ஜானகி 1921-ல் பர்மாவின் பெகுவில் பிறந்தவர். தமிழர்கள் வணிகத்திற்கும் வேலைக்கும் பெருமளவில் பர்மா சென்ற காலம் அது. தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள ராஜாமடத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஆர். வெங்கட்ராமனை 1938-ல் மணந்தார். நான்கு ஆண்டுகளில் கணவர் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்றார், இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். பின்னர் வெங்கட்ராமன் தொழிற்சங்க வழக்கறிஞராகவும், காமராஜர் அமைச்சரவையில் தொழில் அமைச்சராகவும், மத்திய அமைச்சராகவும் விளங்கினார். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். பதவிக்காலத்தைப் பற்றிய அவருடைய நூல், நிலையற்ற அரசுகளின் காலத்தில் ஒரு குடியரசுத் தலைவர் எடுத்த முடிவுகளை விவரிப்பது.

ஜானகி உயிர்க்கொலையின் காரணமாகப் பட்டு உடுத்துவதை விரும்பாதவர். தமிழ்நாட்டில் இந்த எண்ணத்திற்கு முன்வரலாறு உண்டு. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பல்லாயிரம் புழுக்களைக் கொன்று கிடைக்கும் பட்டைத் தவிர்க்குமாறு நெடுங்காலம் சொல்லி வந்தார். ஆயினும் திருமணத்திற்குக் காஞ்சிப் பட்டு இல்லாமல் முடியாது என்பதே வழக்கம். ஒரு தமிழ்க் குடியரசுத் தலைவரின் மனைவி அரசு விருந்தில் பட்டுச் சேலையில் தோன்றுவதே இயல்பு என்று கருதப்பட்ட சூழலில் ஜானகி விலகி நின்றார்.

கணவரின் பதவிக்காலத்தில், ஆந்திர மாநிலக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பினரிடம் புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுச் சேலை கிடைக்குமா என்று அவர் கேட்டார். அப்படி ஒரு சேலை அவர்களிடம் இல்லை. அங்கு பணியாற்றிய குசுமா ராஜய்யா என்ற கைத்தறித் தொழில்நுட்ப அலுவலரை அந்தக் கேள்வி விடவில்லை. அவர் சோதனைகளில் இறங்கினார். அந்துப்பூச்சி தானே துளைத்து வெளியேறிய பிறகு மிஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று நெய்யும் முறையை உருவாக்கி, அதற்கு 'அகிம்சைப் பட்டு' என்று பெயரிட்டார். பின்னர் காப்புரிமையும் பெற்றார்.

ஜானகியின் குரலைக் கற்பனை செய்ய விரும்புபவருக்கு இந்த நிகழ்வு போதுமான பிடியைத் தருகிறது. அவர் பட்டை வெறுக்கவில்லை, கொலையற்ற பட்டைத் தேடினார். தடை கோரவில்லை, அறிக்கை விடவில்லை. சேலை வாங்கும் ஒரு பெண்ணின் சாதாரணமான கேள்வியாக அதைக் கேட்டார். துறவுக்கும் ஆசைக்கும் நடுவே ஒரு வழி இருக்குமா என்று பார்க்கும் மனம் அதில் தெரிகிறது. அவர் உயர்ந்த இடத்தில் இருந்ததால் அந்தக் கேள்வி காற்றில் போகவில்லை. பதவி இல்லாத இடத்துக்கு இருந்த செல்வாக்கு அது.

கணியூர் வட்டாரமும் பட்டுக்கூடும்

கணியூர் அமராவதி ஆற்றுப் பாசனப் பகுதியில் அமைந்த பேரூர். அரசியல் வரலாற்றில் இவ்வூர் அறியப்படுவது திராவிட முன்னேற்றக் கழகத்தின் நிறுவனத் தலைவர்களில் ஒருவரும் சட்டமன்றப் பேரவைத் தலைவராக இருந்தவருமான கே.ஏ. மதியழகனின் ஊராக. நெல், கரும்பு, தென்னை ஆகியவற்றுடன் மல்பெரியும் இவ்வட்டாரத்தில் பயிராகிறது. உடுமலைப் பகுதி தமிழ்நாட்டின் வெண்பட்டுக்கூடு உற்பத்தியில் குறிப்பிடத்தக்க இடம் வகிக்கிறது.

பட்டுப்புழு வளர்ப்பு குடும்பத் தொழில். அதில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு. ஒரு தாய்ப்பூச்சி இடும் சுமார் 400 முதல் 500 வரையிலான முட்டைகள் ஒரு முட்டைத் தொகுதி எனப்படும். இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து புழுக்களை வாங்கி வந்து வளர்ப்பு மனையில் தாங்குகளில் விடுகிறார்கள். மல்பெரித் தண்டுகளை வெட்டிச் சுமந்து வந்து வேளை தவறாமல் போட வேண்டும். புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. கடைசிப் பருவத்தில் மொத்தத் தீனியில் பெரும்பகுதியைத் தின்கிறது. அந்த நாட்களில் வீட்டில் யாரும் வெளியூர்த் திருமணத்திற்குக்கூடப் போவதில்லை. வெயில் ஏறினால், ஈரம் கூடினால், பால்புழு நோயோ சுண்ணாம்புக்கட்டு நோயோ வந்தால் ஒரு மாத உழைப்பும் வீணாகும்.

புழு கூடு கட்டிய சில நாட்களில் அறுவடை செய்து அங்காடிக்குக் கொண்டு போக வேண்டும். தாமதித்தால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி கூட்டைத் துளைத்துவிடும். துளையில்லாத கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரே இழை சுற்றப்பட்டிருக்கிறது. அதை அறுபடாமல் இழுக்கவே வெந்நீரும் வெப்பமும் தேவைப்படுகின்றன, அதில்தான் உயிர் போகிறது. துளைத்த கூட்டின் இழை துண்டு துண்டாகிவிடும். அதைப் பருத்தியைப் போல நூற்கத்தான் முடியும். அந்த நூலுக்குக் கச்சாப் பட்டின் மினுமினுப்பு இருக்காது, மென்மை கூடுதலாக இருக்கும். பஞ்சை நூலாக்கும் ஆலைகளுக்குப் பழகிய உடுமலை, திருப்பூர் வட்டாரத்தில் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

பூச்சியின் விடுதலை விவசாயிக்கு நட்டம் என்பதே இந்தத் தொழிலின் கணக்கு. துளைத்த கூடு சந்தையில் கழிவாகவே மதிக்கப்படுகிறது. அகிம்சைப் பட்டு அந்தக் கழிவுக்கு விலை தேடித் தரும் முயற்சி. ஆனால் நூற்பதற்குக் கூடுதல் நேரமாவதால் சேலையின் விலை உயர்கிறது, வாங்குவோர் குறைகிறார்கள். அறம் சார்ந்த கேள்வியும் முழுவதும் தீரவில்லை. பல நூற்றாண்டுகள் மனிதர் வளர்ப்பில் இருந்த மல்பெரிப் பட்டு அந்துப்பூச்சி பறக்காது, உண்ணாது, சில நாட்களில் இறந்துவிடும். முட்டை உற்பத்தி நிலையங்களில் பூச்சியை வெளிவர விட்டாலும், முட்டையிட்டபின் பெப்ரின் நோய் உள்ளதா என்று அறியத் தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

எனவே ஜானகியின் கேள்விக்குக் கணியூர் வட்டாரத்து வளர்ப்பு மனையிலிருந்து ஓர் எதிர்க்கேள்வியும் இருக்கிறது. புழுவுக்கு இரவும் பகலும் தீனி போட்டுக் காப்பாற்றுபவள் அதன் மேல் இரக்கமற்றவள் அல்ல. கூடு விலைபோனால்தான் அவள் வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியும். இரு பெண்களின் கவலையும் ஒரே கூட்டைப் பற்றியது. ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதற்கு அநியாயம் செய்ததாகும்.

கற்பனையின் எல்லை

அமெரிக்காவில் முதல் குடியரசுத் தலைவரின் மனைவி மார்த்தா வாஷிங்டன், கணவர் இறந்தபின் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை எரித்துவிட்டார். சில கடிதங்களே தப்பின. இரண்டாம் தலைவரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸும் அவர் கணவரும் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் காக்கப்பட்டுள்ளன. 1776-ல் புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை மறக்க வேண்டாம் என்று அவர் கணவருக்கு எழுதியது இன்றும் பேசப்படுகிறது. அபிகெயிலின் குரலை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மார்த்தாவின் மௌனம் அவரே தேர்ந்தெடுத்தது என்பதால் அதில் புகுபவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

2008-ல் கர்ட்டிஸ் சிட்டன்ஃபெல்ட் எழுதிய 'அமெரிக்கன் வைஃப்' நாவல் லாரா புஷ்ஷின் வாழ்க்கையை முன்மாதிரியாகக் கொண்டது. நாயகியின் பெயரை மாற்றிவிட்டு அந்தரங்கத்தைச் சுதந்திரமாகக் கற்பனை செய்தது. பெயர் சுட்டாத அகமரபின் விதியை அறியாமலே பின்பற்றிய நூல் என்று அதைச் சொல்லலாம். 2016-ல் நீலிமா டால்மியா ஆதார் எழுதிய நாவல் கஸ்தூர்பா காந்தியின் பெயரிலேயே அவருடைய ரகசிய நாட்குறிப்பாக அமைந்தது. எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த ஒருவருக்கு நாட்குறிப்பைக் கற்பிப்பது துணிச்சலான உத்தி. வாசகர் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அதில் உண்டு.

இவற்றிலிருந்து மூன்று வழிகள் தெரிகின்றன. பெயரைச் சொன்னால் செயலைத் தாண்டாமல் எழுதலாம். அந்தரங்கத்துக்குள் போனால் பெயரை விடலாம். இரண்டையும் சேர்த்தால் இது புனைவு என்பதை முதல் வரியிலேயே தெளிவாக்க வேண்டும். ராஜவம்சி தேவியின் விழித்திருந்த இரவுகளையும் சிவகாமுவின் துயரத்தையும் எழுதும் தமிழ்ப் புனைவாசிரியருக்கு இந்த வேறுபாடு உதவும்.

மதிப்பீடு

குடியரசுத் தலைவர்களின் மனைவியர் ஆட்சியின் போக்கை மாற்றியவர்களாக வரலாற்றில் காணப்படுவதில்லை. அவர்களின் செயல்கள் சிறியவை. மொழிபெயர்த்த சில கதைகள், நடத்திய ஒரு நாடகம், பாடிய பாடல்கள், கேட்ட ஒரு கேள்வி ஆகியவையே அவை. அவர்களின் இயல்பை அறிய இவை கணவர்களின் தன்வரலாறுகளைவிட நம்பகமான சான்றுகள்.

ஜானகி வெங்கட்ராமன் 2010 ஆகஸ்டில் காலமானார். அகிம்சைப் பட்டு இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் விற்பனையாகிறது. காப்புரிமையில் ராஜய்யாவின் பெயர் உள்ளது, துணியில் அகிம்சை என்ற சொல் உள்ளது. அதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'ஒரு குடியரசுத் தலைவரின் மனைவி கேட்டார்' என்றே தொடங்குகிறார்கள். பெருங்கோப்பெண்டு, கோப்பெருந்தேவி என்று பட்டத்தால் மட்டும் அறியப்பட்டவர்களின் வரிசையில் அவரும் சேர்ந்துவிடாமல் இருக்க, அந்த இடத்தில் ஜானகி என்ற பெயர் எழுதப்பட வேண்டும்.